புருவத்தைத் தூக்கிப் பாருங்கள்: கார்ன்ரோ கேள்வி – பதில்

தலைமுடி பற்றி வந்த கேள்விகளில் இந்த முறை பெரும்பாலானவை ஒரே பின்னலைச் சுற்றியே இருந்தன: மண்டையோடு ஒட்டி வரிவரியாக ஓடும் கார்ன்ரோ. எழுதியவர்களில் பாதிப்பேர் இன்னும் பின்னிக்கொள்ளவில்லை. நாள் குறித்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கிறார்கள். மீதிப்பேர் பின்னிக்கொண்டு வந்து வலியோடு எழுதியிருக்கிறார்கள். பின்னுவது என் தொழில். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நைஜீரியப் பெண்மணி. வகிடு கோணினால் வால் சீப்பைத் திருப்பி விரல் முட்டியில் ஒன்று வைப்பார். அந்தக் கண்டிப்பு என் பதில்களில் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்கு நேரான, வழுவழுப்பான முடி. ரப்பர் பேண்டு போட்டாலே நழுவிவிடும். கார்ன்ரோ நிற்குமா? சாதாரணப் பின்னலுக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? பின்னப் போவதற்கு முன் நான் என்ன செய்துகொண்டு போக வேண்டும்?
– முதல் முறை பின்னப் போகும் ஒருத்தி

நிற்கும். ஆனால் சுருள்முடியில் நிற்கிற அளவுக்கு நிற்காது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றம் வேண்டாம்.

சாதாரண மூன்று கால் பின்னலில் முடி முழுவதையும் ஓரிடத்தில் சேர்த்துப் பின்னித் தொங்கவிடுகிறோம். கார்ன்ரோவில் நெற்றியோரத்தில் ஒரு மெல்லிய கற்றையோடு ஆரம்பித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அடியில் இருக்கும் முடியில் கொஞ்சம் எடுத்துச் சேர்த்துக்கொண்டே பிடரி வரை போகிறோம். பக்கத்துக் காலை நடுக்காலுக்கு மேலே போடுவதில்லை, அடியில் கொடுத்து வாங்குகிறோம். அதனால்தான் பின்னல் உள்ளே அமுங்காமல் வயல் வரப்பு மாதிரி மேலே எழும்பி நிற்கிறது.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சுருள்முடியைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அது தட்டையான நீள்வட்டம். சுருளும் இருப்பதால் ஓர் இழை இன்னோர் இழையைப் பற்றிக்கொள்ளும். நேர்முடியின் குறுக்குவெட்டு ஏறக்குறைய வட்டம், பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே உங்கள் மாதிரி முடிக்குப் பின்னலோடு கொஞ்சம் செயற்கைச் சவுரியையும் சேர்த்துப் பின்னுவோம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று இழை, போகப் போகக் கூடுதலாக. இதை ‘ஃபீட்-இன்’ என்பார்கள். முதல் திருப்பத்திலேயே சவுரி முழுவதையும் முடிச்சுப் போட்டுத் தொடங்குகிறவர்களும் உண்டு. அப்படித் தொடங்கினால் மொத்தச் சுமையும் நெற்றியோரத்து மெல்லிய முடி மேல் விழும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சவுரி சேர்க்காத நேர்முடி ஒரு வாரத்திலேயே பிசிறு தட்ட ஆரம்பிக்கும்.

முந்தின நாள் தலைக்கு ஷாம்பு போட்டு, கண்டிஷனர் தடவி நன்றாக அலசி, சிடுக்கே இல்லாமல் சீவி, முழுக்கக் காயவைத்துக்கொண்டு போங்கள். ஈரத்தலையோடு போகாதீர்கள். ஈரமுடி இழுத்த இழுப்புக்கு நீளும். பின்னலுக்குள்ளேயே காய்ந்து சுருங்கும்போது இறுக்கம் ஏறும். எண்ணெய் வைத்துக்கொண்டும் போகாதீர்கள், விரலில் பிடிபடாது. முடியைச் சமீபத்தில் ரசாயனம் போட்டு நேராக்கியிருந்தாலோ, வெளுத்துச் சாயம் போட்டிருந்தாலோ இந்த யோசனையைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். பலவீனமான முடியை இழுத்துப் பின்னினால் அடியிலேயே ஒடியும்.

நீளம்? சுருள்முடிக்கு 5 முதல் 7 செ.மீ. இருந்தாலே கை தேர்ந்தவர்கள் பிடித்துவிடுவார்கள். நேர்முடிக்கு 10 செ.மீ. வேண்டும்.

மேடம், பின்னிய அன்று இரவு தலையணையில் தலை வைக்க முடியவில்லை. பின்னியவரிடம் சொன்னேன். ‘முதல் தடவை அப்படித்தான் இருக்கும், அழகு வேண்டுமென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்றார். வலி மாத்திரை போட்டுச் சமாளித்தேன். இப்போது நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்திருக்கின்றன. பின்னல் மிகவும் அழகாக இருக்கிறது, அவிழ்க்க மனம் வரவில்லை.
– பெயர் வேண்டாம்

இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். எல்லா வரிகளையும் என்றால் தாங்கமாட்டீர்கள் என்று தெரியும். குறைந்தது நெற்றி, காதோரம், பிடரி பக்கத்து வரிகளையாவது இந்த இதழை மூடி வைத்துவிட்டு அவிழ்த்துவிடுங்கள்.

‘பொறுத்துக்கொள்’ என்ற பேச்சு எனக்குக் கட்டோடு பிடிக்காது. என்னிடம் வரும் பெண்களில் பலர், இறுகினால்தான் நேர்த்தி என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். நேர்த்தி என்பது வகிட்டின் நேர்கோட்டிலும், ஒவ்வொரு திருப்பத்திலும் எடுக்கும் முடியின் சம அளவிலும் இருக்கிறது. இழுப்பில் இல்லை. அளவு சரியாக வராதவர்கள்தான் இழுத்து அதை மறைப்பார்கள்.

புதிதாகப் பின்னிய தலை முதல் நாள் கொஞ்சம் பிடித்தாற்போல இருப்பது சகஜம். வலி சகஜம் இல்லை. பின்னலின் அடியில் தோல் சிறு கூடாரம்போல் தூக்கிக்கொண்டு நின்றாலோ, தலைவலி வந்தாலோ, சீழ்ப் பருக்கள் கிளம்பினாலோ மயிர்க்கால் இழுபடுகிறது என்று அர்த்தம். கொப்புளங்கள் மயிர்க்காலில் ஏற்பட்ட அழற்சி. அவிழ்த்த பிறகும் இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை, அல்லது சிவந்து சூடாகப் பரவுகிறது என்றால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரை போட்டால் வலி தெரியாமல் போகும், இழுபடுவது நிற்காது.

இதையே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுபடும் முடி உதிர ஆரம்பிக்கும். மருத்துவத்தில் ‘டிராக்ஷன் அலோபீசியா’ என்பார்கள். அதாவது இழுப்பினால் வரும் சொட்டை. அதற்கு ஓர் அடையாளம் உண்டு: நெற்றியின் விளிம்பில் பூனைமுடி மட்டும் மெல்லிய வரிசையாக மிஞ்சியிருக்கும், அதற்குப் பின்னால் வெறும் தோல் பட்டையாகத் தெரியும். பூனைமுடி பின்னலில் அகப்படாத அளவுக்குக் குட்டையானது, அதனால் தப்பித்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே பிடித்து இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். தழும்பாகிவிட்ட இடத்தில் முளைக்காது.

அடுத்த முறை உட்காரும்போது முதல் வரி முடிந்ததும் பின்னுபவரை நிறுத்தச் சொல்லுங்கள். புருவத்தை மேலே தூக்குங்கள். வாய்விட்டுச் சிரியுங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனியுங்கள். இதில் எதுவும் சுள்ளென்று இழுக்கவில்லை என்றால் அதே பிடியில் தொடரலாம். இழுத்தால் அந்த ஒரு வரியை மட்டும் அவிழ்த்துத் திரும்பப் பின்னச் சொல்லுங்கள். பத்து வரி முடிந்த பிறகு சொல்ல யாருக்கும் வாய் வராது, அதனால்தான் முதல் வரியிலேயே கேட்கச் சொல்கிறேன். நெற்றியோரத்துப் பூனைமுடியை வெளியே விட்டுவிட்டு அரை விரல்கடை உள்ளே தள்ளித் தொடங்கச் சொல்லுங்கள். வரிகளும் கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும். ஊசிபோல மெல்லிய வரிகள் படத்தில் நன்றாக இருக்கும். முதல் முறைக்கு ஆறு முதல் எட்டு வரிகளே தாராளம். இதையெல்லாம் கேட்டுப் பின்னுபவர் முகம் சுளிக்கிறாரா? எழுந்து வந்துவிடுங்கள். பாதிப் பின்னிய தலையோடு வெளியே போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சவுரி சேர்த்துப் பின்னினேன். சாயங்காலமே அரிப்பு தொடங்கிவிட்டது. பொடுகாக இருக்குமோ என்று வகிடு வகிடாக எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். குறையவில்லை.
– கல்லூரி மாணவி

எண்ணெயை நிறுத்துங்கள். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சைக்குத் தோலின் எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. மேலும் மேலும் விட்டால் அதற்கு விருந்து வைப்பதாகிவிடும். தூசியும் வியர்வையும் அதோடு சேர்ந்து, பின்னலின் அடியில் சாம்பல் நிறத்தில் பிசுக்கு கட்டும்.

அதோடு, பின்னிய அன்றே வரும் அரிப்பு பெரும்பாலும் பொடுகு இல்லை. சவுரி செயற்கை நார். கனேகலான் என்று பரவலாகக் கிடைப்பது ஜப்பானின் கனேகா நிறுவனம் தயாரிக்கும் மோடாக்ரிலிக் இழை. இந்த வகை நார்களின் மேலிருக்கும் பூச்சு சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு வழி உண்டு, ஆனால் பின்னுவதற்கு முன்பே செய்ய வேண்டும்: அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, சவுரியைக் கட்டு பிரிக்காமல் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதாவது மிதந்தால் அலசிவிட்டு இன்னொரு முறை ஊற வையுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, தொங்கவிட்டுக் காயவைத்து எடுத்துப் போங்கள். இதைச் செய்துகொண்டு வருகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏற்கெனவே பின்னியாகிவிட்டது என்பதால், உங்களுக்கு ஒரு முறை தலை அலசுவதுதான் மருந்து. எப்படி என்று அடுத்த பதிலில் இருக்கிறது. அரிக்கும்போது நகத்தாலோ சீப்பின் கூர்முனையாலோ சொறியாதீர்கள். விரல் நுனியால் அந்த இடத்தை மெதுவாக அழுத்துங்கள். காது, கழுத்து, நெற்றி என்று சவுரி பட்ட இடமெல்லாம் தடித்துச் சிவந்தால் அது ஒவ்வாமை. அப்போது அலசிப் பயனில்லை, அவிழ்த்தாக வேண்டும்.

பின்னலைக் கலைக்காமல் தலைக்குக் குளிப்பது எப்படி? ‘ஒரு மாதம் தண்ணியே படக்கூடாது’ என்கிறாள் என் தோழி. நான் தினமும் உடற்பயிற்சி செய்கிறவள், வியர்வை நாற்றம் எனக்கே தாங்கவில்லை.
– ஓட்டக்காரி

உங்கள் தோழியின் தலையை ஒரு மாதம் கழித்து முகர்ந்து பார்க்க எனக்கு ஆசை இல்லை.

பின்னலுக்குத் தண்ணீர் ஆகாது என்பது கட்டுக்கதை. உரசல்தான் ஆகாது. முதல் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, அப்புறம் வாரம் ஒரு முறை அலசலாம். உங்களைப் போல் தினமும் வியர்ப்பவர்கள் வாரம் இரண்டு முறைகூட அலசலாம். கூர்மூக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வேண்டும். முடிக்குச் சாயம் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. ஒரு பங்கு ஷாம்புக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக்கொள்ளுங்கள். பின்னல்களின் நுனிகளை ஒன்றாகச் சேர்த்து லேசாகக் கட்டிவிட்டு, பாட்டிலின் மூக்கை வகிட்டில் வைத்து வரிக்கு வரி விடுங்கள். விரல் நுனியை வகிட்டின் போக்கிலேயே முன்னும் பின்னுமாக நகர்த்தித் தேயுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்த்தால்தான் முடி பிசிறி எழும். அப்புறம் ஷவருக்கு அடியில் நெற்றியிலிருந்து பிடரிப் பக்கமாகத் தண்ணீரை ஓடவிட்டு, நுரை போகும் வரை நில்லுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் ஆகும். தேங்கிய ஷாம்பு காய்ந்தால் வெள்ளைச் செதிலாக உதிரும், அதைப் பார்த்துப் பொடுகு என்று பதறுவீர்கள். கெட்டியான கண்டிஷனர் பின்னலுக்குள் போனால் வெளியே வராது. தெளிக்கிற மாதிரி நீர்த்தது இருந்தால் போதும்.

இப்போது எல்லோரும் கோட்டைவிடுகிற இடத்துக்கு வருகிறேன்: காயவைப்பது. பின்னலின் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் மணிக்கணக்கில் தங்கும். ஈரத்தோடு தூங்கப் போனால் மறுநாள் பூஞ்சணம் பிடித்த துணி மாதிரி ஒரு வாடை வரும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பழைய பருத்தி பனியன் இன்னும் நல்லது. பிறகு ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஒவ்வொரு வரியையும் விரலால் அழுத்திப் பார்த்து உலர்த்துங்கள். செயற்கைச் சவுரி அதிகச் சூட்டில் உருகும், அதனால் சூடு வேண்டாம். காலையில் அலசினால் இரவுக்குள் காய நேரம் கிடைக்கும். அலசாத நாட்களில் ஓடிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் வகிடுகளைத் துடைத்துக் காற்றாட விட்டால் நாற்றம் வராது.

வறட்சியாக இருந்தால் மட்டும் லேசான எண்ணெய் இரண்டு சொட்டு விரலில் தொட்டு, வகிட்டில் தடவுங்கள். விளக்கெண்ணெய் போன்ற கெட்டி எண்ணெய்களைப் பின்னல் இருக்கும் வரை தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, வெயில். இதுவரை முடிக்குள் ஒளிந்திருந்த தோல் இப்போது கோடு கோடாக வெளியே தெரிகிறது. நீண்ட நேரம் வெளியில் ஓடுகிறீர்கள் என்றால் தொப்பி போடுங்கள், அல்லது வகிடுகளில் சன்ஸ்கிரீன் தடவுங்கள். வகிட்டுத் தோல் வெந்து உரிந்தால் அதுவும் பொடுகு மாதிரியே தெரியும்.

இரவில் எப்படித் தூங்குவது?
– ஒரு வரிக் கடிதம்

சாட்டின் அல்லது பட்டுத் துணியால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு. பருத்தித் தலையணை உறை முடியை உரசிப் பிசிற வைக்கும், ஈரப்பசையையும் உறிஞ்சும். கட்டு நழுவுகிறது என்றால் தலையணைக்கே சாட்டின் உறை போடுங்கள். ஆண்கள் இதற்கு டூராக் என்ற தலைத்துணியைக் கட்டுவார்கள். நெற்றியில் தடம் பதிகிற அளவுக்கு அதையும் இறுக்க வேண்டாம்.

கார்ன்ரோவுக்கு மேல் ஹெல்மெட் போடலாமா?
– வண்டி ஓட்டுபவர்

போடலாம். தட்டையாகப் பின்னால் போகும் வரிகள் ஹெல்மெட்டுக்கு மிகவும் தோதானவை. உச்சியில் கொண்டையாக முடியும் பின்னல் மட்டும் கூடாது. ஹெல்மெட் மண்டையில் சரியாக உட்காராது, உட்காராத ஹெல்மெட் காப்பாற்றாது. உள்ளே மெல்லிய சாட்டின் தொப்பி போட்டுக்கொண்டால் உரசல் குறையும்.

இது ஆப்பிரிக்க மக்களின் பின்னல். நாம் போட்டுக்கொள்வது சரியா? யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஆசையும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது.
– தயங்குகிறவள்

தயக்கம் நல்லதுதான். கேட்காமலே போட்டுக்கொண்டு, ‘நான்தான் கண்டுபிடித்தேன்’ என்கிற தோரணையில் படம் போடுகிறவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். நைஜீரியாவின் நடுப்பகுதியில் கிடைத்த நோக் பண்பாட்டுச் சுடுமண் தலைகள் 2,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை; அவற்றில் வரிவரியாக ஒப்பனை செய்த தலைமுடியைப் பார்க்கலாம். யொருபா மக்களிடம் ஒவ்வொரு அமைப்புக்கும் தனிப் பெயர் உண்டு. வரிகள் எல்லாம் உச்சிக்கு ஏறிக் கூடினால் ‘ஷுக்கு’. பிடரியை நோக்கி இறங்கி முடிந்தால் ‘கொலேசே’. ஒகாய் ஒஜெய்கெரே என்ற நைஜீரியப் புகைப்படக் கலைஞர் 1968 முதல் பல பத்தாண்டுகள் இந்தத் தலையலங்காரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பல படங்களில் முகமே இருக்காது, தலையின் பின்பக்கம் மட்டும்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் படங்களைக் காட்டித்தான் வகிடு போடப் பழக்கினார். இன்றும் புது அமைப்பு யோசிக்கும்போது அவற்றைத்தான் புரட்டுகிறேன். கொலம்பியாவில், அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் உருவாக்கிய பலென்கே என்ற ஊரில், தப்பும் வழியைப் பெண்கள் பின்னலின் வளைவுகளில் குறித்து வைத்தார்கள் என்று வாய்வழியாகச் சொல்லிவருகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒன்றை 1979இல் போ டெரெக் என்ற வெள்ளை நடிகை ஹாலிவுட் படமொன்றில் போட்டுவந்ததும், பத்திரிகைகள் அவர் பெயரையே அதற்குச் சூட்டின. பிற்காலத்தில் அதையே ‘பாக்ஸர் பிரெய்ட்ஸ்’ என்று புதுப்பெயர் வைத்து விற்றார்கள். கோபம் வருவது இதனால்தான். அதே பின்னலுக்காகக் கறுப்பினப் பெண்கள் வேலையிலும் பள்ளியிலும் தடுக்கப்பட்டிருக்கிறார்கள். வேறொருவர் தலையில் ஏறியதும் அது ஃபேஷன் ஆகிவிடுகிறது.

என் கருத்தைக் கேட்டால், போட்டுக்கொள்ளுங்கள். கார்ன்ரோ என்றே சொல்லுங்கள், எவருடையது என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். இதில் ஊறிய கையாகத் தேடிப் போய், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேடம் போடும் விருந்துக்கு முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு இதைப் போட்டுப் போகாதீர்கள், அது கேவலம். இவ்வளவு செய்தும் யாராவது கறுப்பினத்தவர் முகம் சுளித்தால், வாதாடிக் கொண்டிருக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். என் குருவிடம் இதே கேள்வியை நான் கேட்டபோது அவர் பதிலே சொல்லவில்லை. சீப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான் ஆண், சுருட்டை முடிக்காரன். வேலை செய்யும் இடத்தில் ‘இந்தத் தலையோடு வரக்கூடாது’ என்பார்களோ என்று பயமாக இருக்கிறது. சட்டம் ஏதாவது இருக்கிறதா அக்கா?
– வேலைக்குப் போகும் தம்பி

நாட்டுக்கு நாடு வேறு, தம்பி. அமெரிக்காவில் கார்ன்ரோவைத் தடுத்த விமான நிறுவனம் ஒன்றின் மீது அதன் ஊழியரான கறுப்பினப் பெண் ஒருவர் வழக்குப் போட்டார். 1981இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம்தான் சாய்ந்தது. பின்னல் பிறவியில் வருவதல்ல, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் வாதம். நிலைமை மாற நெடுங்காலம் ஆனது. 2019இல் கலிஃபோர்னியா ‘கிரௌன்’ சட்டத்தைக் கொண்டுவந்து, பின்னல் உள்ளிட்ட தலையலங்காரங்களைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடை செய்தது. அப்புறம் வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. லண்டனில், கார்ன்ரோவோடு வந்த ஒரு பையனைப் பள்ளி சேர்க்க மறுத்தது மறைமுக இனப்பாகுபாடு என்று 2011இல் உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியது, பின்னுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குவது. ‘சுத்தமாக, ஒழுங்காக’ என்று மட்டும் இருந்தால் நேராகப் பின்னோக்கிப் போகும் வரிகளோடு தாராளமாகப் போகலாம். இதைவிட ஒழுங்கான தலை வேறேது!

என் ஆறு வயது மகள் மணி கோத்த கார்ன்ரோ வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். செய்யலாமா?
– ஓர் அம்மா

செய்யலாம் அம்மா, ஆனால் சவுரி சேர்க்காமல், தடிமனான நான்கைந்து வரிகளாக, தொளதொளவென்று. குழந்தைகளின் நெற்றியோர முடி மிகவும் மென்மையானது. மணிகளை ஒரு பின்னலுக்கு இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். எடை கூடினால் பின்னலை அடியோடு இழுக்கும், படுக்கும்போதும் குத்தும். ஒரே மூச்சில் உட்கார வைக்காதீர்கள். பாதி முடிந்ததும் எழுந்து ஓடிவிட்டு வரட்டும்.

சவுரி வைத்த பின்னல்களின் நுனி பிரியாமல் இருக்கக் கொதிநீரில் முக்கியெடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு அதைச் செய்யவே கூடாது. தண்ணீரை உறிஞ்சிய சவுரி தோளிலும் முதுகிலும் பட்டால் தோல் வெந்துபோகும்.

அவளுக்கு வலிக்கிறதா என்று கேட்டால் மணி ஆசையில் ‘இல்லை’ என்றுதான் சொல்வாள். அதனால் வாயை நம்பாமல் முகத்தைப் பாருங்கள். கண் ஓரம் மேலே இழுத்துக்கொண்டு நிற்கிறதா, இரவில் தலையைத் தொட்டுத் தொட்டு விழிக்கிறாளா? அப்படியென்றால் மணியோடு சேர்த்து அவிழ்த்துவிடுங்கள்.

பின்னல் போட்டிருக்கும்போது பேன் வந்தால்?
– இன்னோர் அம்மா

அவிழ்த்தாக வேண்டும். பேன் சீப்பு பின்னலுக்குள் நுழையாது, அதனால் ஈரும் நீங்காது.

நாலு வாரம் கழித்துப் பின்னலை அவிழ்த்தேன். கை நிறைய முடி வந்தது. அழுகையே வந்துவிட்டது. அப்படியே தலையை நனைத்தேன், முடி பந்து பந்தாகச் சுருண்டு, பாதியை வெட்டும்படி ஆகிவிட்டது. இனிமேல் இந்தப் பக்கமே வரக் கூடாதா?
– அழுதுகொண்டிருப்பவள்

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பிடி முடியில் பெரும்பகுதி எப்படியும் உதிர வேண்டிய முடி. எல்லோருக்கும் தினம் 50 முதல் 100 முடி வரை உதிரும். சாதாரண நாளில் அது சீப்போடும் குளியலறைத் தண்ணீரோடும் போய்விடும், நாம் கவனிப்பதில்லை. பின்னலுக்குள் உதிர்ந்தது வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சிக்கியிருக்கும். நாலு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 1,400 முதல் 2,800 முடி. அது ஒரே நாளில் கைக்கு வந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

சந்தேகமாக இருந்தால் அந்த முடிகளில் சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலைபோல வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தால் அது தன் காலம் முடிந்து உதிர்ந்தது. புள்ளியே இல்லாமல் குட்டை குட்டையாக இருந்தால் ஒடிந்தது. அதற்குத்தான் கவலைப்பட வேண்டும். நெற்றியோரம் முன்பைவிட மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முடி பந்தானதற்குக் காரணம் தண்ணீர். உதிர்ந்த முடியும், பின்னலின் அடியில் சேர்ந்த பிசுக்கும் உள்ளே இருக்கும்போதே நனைத்தால் எல்லாம் சேர்ந்து சடையாகிவிடும். அவிழ்க்க ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். சவுரி இருந்தால், உங்கள் சொந்த முடி எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்து, அதற்கு நன்றாகக் கீழே வெட்டுங்கள். அப்புறம் நுனியிலிருந்து, வால் சீப்பின் வாலால் ஒவ்வொரு கண்ணியாக நெம்பி மேலே வாருங்கள். கண்டிஷனரில் கொஞ்சம் தண்ணீர் கலந்து விரலில் தொட்டுக்கொண்டால் வழுக்கும். சொதசொதவென்று நனைக்க வேண்டாம். ஒரு வரி அவிழ்ந்ததும் அதை விரல்களாலேயே பிரித்து, உதிர்ந்ததை உருவியெடுங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் கட்டியிருக்கும் பிசுக்கை விரல் நுனியால் பிசைந்து உதிருங்கள். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சீவி, அந்த வரியைத் தளர்வாக முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தலை முழுக்கச் சிடுக்கு நீங்கிய பிறகுதான் ஷாம்பு.

நாலு வாரம் என்பது சவுரி வைத்த பின்னலுக்கு ஏற்ற காலம்தான். முடி மாதத்துக்கு 1 செ.மீ. அளவுக்கு வளரும். அதற்கு மேல் வைத்திருந்தால் பின்னல் தோலிலிருந்து விலகி ஆடும், அதன் எடை முழுவதும் வேரில் தொங்கும், புதிதாக வளர்ந்த பகுதி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். முன்வரிசை மட்டும் பழசாகிவிட்டால் அதை மட்டும் அவிழ்த்துப் புதிதாகப் பின்னிக்கொண்டு இன்னும் பல வாரம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதே மெல்லிய முடியைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

இந்தப் பக்கம் வரலாம். இப்போதைக்கு இரண்டு மூன்று வாரம் எந்தப் பின்னலும், இறுக்கிய குதிரைவாலும் இல்லாமல் தலையைச் சும்மா விடுங்கள். வெட்டிய முடி கையில் பிடிபடும் அளவுக்கு வளரட்டும். அடுத்த முறை உட்காரும்போது வகிடுகளைப் பழைய இடத்தில் எடுக்க வேண்டாம், அரை விரல்கடை தள்ளி எடுக்கச் சொல்லுங்கள்.